பத்து மாதமாய் வாக்கு இல்லை

— நான்தான் சொல்லுறனே பாஸ்டர், அவர் வீட்டிலை இல்லை.

— செருப்பு வாசலிலை கிடக்குது ரெஜினா.

— வேறை சோடியைப் போட்டுக்கொண்டு போட்டார்.

— எமில்ராஜ் பிரதரிட்டை ரெண்டு சோடி செருப்பு எப்ப வந்தது? குருநகர் முழுக்கத் தெரியும், மனிசன் உந்த ஒண்டைத்தானே தைச்சுத் தைச்சுப் போடுறவர்.

— சரி, இருக்கிறார். உள்ளுக்கை படுத்திருக்கிறார். எழுப்பமாட்டன்.

— பகல் ரெண்டரை மணிக்கு நித்திரையோ? முந்தி மூண்டு நாள் கண் மூடாமல் செபத்திலை நிண்ட மனிசன்.

— அதாலைதான் எழுப்பமாட்டன் எண்டுறன். இருங்கோ. உந்தக் கதிரையிலை இராதேங்கோ, கால் ஆடுது. இதிலை இருங்கோ. தேத்தண்ணி போடட்டே?

— தேத்தண்ணி குடிக்க வரேல்லை பிள்ளை. நாலு மணிக்கு நான் ஆஸ்பத்திரியிலை நிக்கவேணும்.

— ஏன், ஆருக்கு என்ன?

— அக்காவுக்கு. முந்தநாள் கரவெட்டியிலை இருந்து கொண்டு வந்து சேர்த்தனான். நெஞ்சிலை வால்வு ஒண்டு பழுதாம். நாளைக்கு விடிய ஒப்பரேசன். இண்டைக்கு நாலு மணிக்குள்ளை கடுதாசியிலை அவா கையெழுத்து வைக்கவேணும். வைக்கமாட்டன் எண்டு நிக்கிறா.

— செல்வநாயகி அக்காவோ? யேசுவே! ஏன் வைக்கமாட்டாவாம்?

— எமில்ராஜ் வரட்டும் எண்டுறா. அந்தத் தம்பி வந்து, காணாமல் போன என்ரை மகன் வாகீசன் வருவான் எண்டு இன்னொருக்காச் சொல்லட்டும், வைக்கிறன். இல்லாட்டில் எனக்கு என்னத்துக்கு இந்த வயசிலை வெட்டும் தையலும், வீட்டை கொண்டுபோய் விடு எண்டுறா. டொக்ரர் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டார், வெட்டாட்டில் ஒரு மாசம் தாண்டுறதே கஷ்டம் எண்டு.

— எட்டு வருசத்துக்கு முந்தி ஒருக்காச் சொன்ன சொல்லு, பாஸ்டர்.

— அந்த ஒரு சொல்லிலைதான் அவா எட்டு வருசமாச் சீவிக்கிறா. உங்களுக்குத் தெரியும், அக்கா இன்னும் வேதத்துக்கு வரேல்லை. நெத்தி நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமை எண்டால் பிள்ளையாருக்கு விளக்கு. ஆனால் மாசத்திலை ஒரு ஞாயிறு, கரவெட்டியிலை இருந்து ரெண்டு பஸ் மாறிக் கொழும்புத்துறைக்கு எங்கடை செபவீட்டுக்கு வந்திடுவா. என்ரை பிரசங்கம் கேக்கவே? எமிலின்ரை முகத்தைப் பாத்திட்டுப் போக.

— தெரியாதே எனக்கு? திருநீறோடை வந்து முன்வரிசை வாங்கிலை இருக்கிறா எண்டு எங்கடை சனம் முறுமுறுக்க, நான்தானே போய்ப் பக்கத்திலை இருந்தனான்.

— அந்த உரிமையிலைதான் கேக்கிறன். எழுப்புங்கோ.

— எழுப்பி? அவர் என்ன சுவிச்சே, போட்ட உடனை எரிய?

— அதைத்தான் நானும் கேக்க வந்தனான். பாருங்கோ, நான் சுத்தி வளைக்கேல்லை. பத்து மாசம் ரெஜினா. பத்து மாசமா வாக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாறார், பின்வரிசை வாங்கிலை இருக்கிறார், எல்லாரோடையும் பாடுறார், எழும்பிப் போறார். முந்தி எப்பிடி? உடம்பு நடுங்கும், குரல் மாறும், ஆருடைய வீட்டிலை என்ன சங்கடம் எண்டு ஒண்டொண்டாச் சொல்லுவார். ஆவியானவர் எமில்ராஜை விட்டுப் போட்டார் எண்டு இப்ப சபையிலை கதைக்குதுகள். சவுல் ராசாவுக்கு நடந்தது போலை.

— சவுலோடை ஏன் சேக்கிறியள்? சவுல் சொல்லுக் கேளாதவன். என்ரை மனிசன் என்ன செய்தவர்?

— நான் சொல்லேல்லை பிள்ளை, சனம் சொல்லுது.

— சனத்துக்கு நீங்கள் என்ன சொன்னியள்?

— செபம் பண்ணுங்கோ எண்டன்.

— நல்ல மறுமொழி. பதினாலு வருசம் குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலிலை மறைக்கல்வி படிப்பிச்சனான் பாஸ்டர், அவருக்குப் பின்னாலை உங்கடை செபவீட்டுக்கு வரமுன்னம். என்னட்டை விட்டிருந்தால் சனத்துக்கு நான் சொல்லியிருப்பன். மோசேயோடை எழுபது மூப்பர் கூடாரத்தைச் சுத்தி நிண்டவை. மோசேயிலை இருந்த ஆவியிலை கொஞ்சம் எடுத்து ஆண்டவர் அவையிலை வைச்சார். அண்டைக்கு எழுபது பேரும் வாக்குச் சொன்னவை. அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. மோசே அவையைக் கூப்பிட்டு, என்னடாப்பா, உங்களை விட்டு ஆவி போட்டுதோ எண்டு கேட்டவரே? அவை போய்ச் சனத்தின்ரை வழக்கு வியாச்சியத்தைத் தீர்த்துக்கொண்டு இருந்தவை. அதுக்குத்தானே ஆவியைக் குடுத்தது.

— எழுபது பேரிலை ஒருத்தர் பேசாட்டில் மிச்சம் அறுபத்தொன்பது பேர் இருப்பினம். என்னட்டை இருக்கிறது ஒரே ஒரு எமில்ராஜ்.

— அதுதான் உங்கடை கரைச்சல். பழைய ஏற்பாட்டிலை ஆவி அநேகமா ஒருத்தரிலையும் நிரந்தரமாக் குடியிருந்ததில்லை பாஸ்டர். வரும், ஒரு வேலையைச் செய்விக்கும், போகும். கிதியோனுக்குச் சண்டைக்கு வந்தது. சிம்சோனுக்குச் சிங்கத்தைக் கிழிக்க வந்தது. கூடாரத்தைச் செய்த பெசலெயேலை ஆவியாலை நிரப்பினது எண்டு எழுதிக் கிடக்குது, அந்த மனிசன் ஒரு வாக்கும் சொல்லேல்லை. பொன்னும் வெள்ளியும் மரமும், அவ்வளவுதான். நல்ல தொழிலாளி.

— அப்ப எமிலின்ரை வேலை முடிஞ்சுதோ?

— முடிஞ்சிருக்கும். நாப்பத்தொன்பது வயசாகுது, கொஞ்சம் படுத்து எழும்பட்டுமே.

— நானும் வேதத்தைக் கரைச்சுக் குடிச்சவன்தான் ரெஜினா. ஒரு அதிகாரம் விடாமல் பிரசங்கிச்சிருக்கிறன்.

— எலும்புப் பள்ளத்தாக்கை விட்டிட்டு.

— என்ன?

— எசேக்கியேலிலை எல்லாம் எடுத்தியள். காய்ஞ்ச எலும்பு கிடந்த பள்ளத்தாக்கை மட்டும் ஒருநாளும் எடுக்கேல்லை. காணாமல் போன பிள்ளையளின்ரை தாய்மார் எத்தினை தரம் கேட்டவை? பாஸ்டர், எலும்பிலை மூச்சை ஊதி ஆண்டவர் எழுப்பின இடத்தை வாசியுங்கோ எண்டு. அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டு கடத்திப்போட்டியள்.

— அதைக் கதைக்க இப்ப நேரமில்லை. மணி என்ன?

— ரெண்டே முக்கால்.

— ரெஜினா, நேரே கேக்கிறன். ஐப்பசியிலை அவர் ரெண்டு கிழமை சபைக்கு வரேல்லை. கேட்டதுக்கு, மன்னாரிலை தங்கச்சி வீட்டிலை நிக்கிறார் எண்டு சொன்னியள். போன மாசம் மன்னாரிலை ஒரு கலியாண வீட்டிலை அந்தத் தங்கச்சியைக் கண்டனான். அண்ணை இஞ்சாலைப் பக்கம் வந்து மூண்டு வருசம் எண்டு கவலைப்பட்டாள். திரும்பி வந்த நாளிலை இருந்துதான் பிரதருக்கு வாக்கு இல்லை. எங்கை நிண்டவர்?

— பாஸ்டர்...

— நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

— நீங்கள் பாஸ்டர், எல்லாருக்கும் சொல்லுறதுதானே உங்கடை தொழில்.

— சரி, பகிடி விட்டது காணும்.

— ஆஸ்பத்திரியிலை நிண்டவர். இருங்கோ, முழுக்கச் சொல்லுறன், குறுக்கை கதைக்காதேங்கோ. ஐப்பசி பதினேழு, பகல் பதினொரு மணி. நாலு நாளாச் சோறு இல்லை, நித்திரை இல்லை. உபவாசம் எண்டார், நானும் விட்டிட்டன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைத் துறைமுகத்தடிக்குப் போய், சாரம் சேட்டு எல்லாத்தையும் கழட்டி மடிச்சு வைச்சிட்டு, கடலுக்குள்ளை இறங்கி நடந்திருக்கிறார். தண்ணிக்கு மேலை ஆவி அசைவாடுது, உலகம் உண்டாகமுன்னம் அசைவாடின அதே ஆவி, என்னைக் கூப்பிடுது எண்டு சத்தமாச் சொல்லிக்கொண்டு. ஆழமில்லாத கடல் எண்டபடியால் ஆள் தப்பினது. ஒரு மைல் நடந்தும் தண்ணி கழுத்துக்குத்தான் வந்தது. நண்டு வலைக்காரர் ரெண்டு பேர் கண்டு, வள்ளத்திலை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தவை. அவை சேட்டுத் துண்டாலை மூடிக்கொண்டு வந்து என்ரை வாசலிலை இறக்கேக்கை, இவர் என்னைப் பாத்து, ஆர் நீ எண்டு கேட்டார்.

— கர்த்தரே.

— இருபத்திரண்டு வருசம் கட்டின மனிசன், பாஸ்டர். ஆர் நீ எண்டு கேட்டார்.

— என்னட்டை ஏன் வரேல்லை பிள்ளை? கைவைச்சுச் செபிச்சிருப்பனே.

— உங்களட்டை வந்தால் அதையும் வாக்கெண்டு மைக்கைக் குடுத்திருப்பியள். கோவிக்காதேங்கோ, உண்மையைத்தானே சொல்லுறன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனன். சோனகத்தெருப் பிள்ளை ஒண்டு, டொக்ரர் ஜிஹானா, தங்கமான பிள்ளை. ரெண்டு கிழமை வைச்சுப் பாத்திட்டு, இது வருத்தம் அன்ரி, சீனி வருத்தம், பிறசர் மாதிரி ஒரு வருத்தம், குளிசை போட்டால் அடங்கும், நிப்பாட்டினால் திரும்பி வரும் எண்டாள்.

— குளிசை போடுறாரோ?

— போடுறார். அவருக்குத் தெரியாது.

— எப்பிடி?

— வீட்டை வந்த மறுநாள் குளிசையைத் தூக்கி எறிஞ்சு போட்டார். தான் ஊழியக்காரனாம், குளிசை விழுங்கமாட்டாராம். அதுக்குப் பிறகு நான் தேத்தண்ணியிலை போட்டுக் குடுக்கிறன். டொக்ரரைக் கேட்டால் கூடாது எண்டுவா, அதாலை கேக்கேல்லை. கரண்டியாலை நசிச்சு, பிளேன்ரீயிலை கரைச்சு, கயர்ப்புத் தெரியாமல் இருக்கப் பனங்கட்டி ரெண்டு துண்டு. விடிய ஒண்டு, பின்னேரம் ஒண்டு. பத்து மாசம். இப்ப சொல்லுங்கோ, ஆவி விட்டுப் போச்சுதோ, இல்லாட்டில் நான் தேத்தண்ணி குடுத்துக் கலைச்சனானோ?

— ஒரு ஊழியக்காரனுக்குத் தெரியாமல்...

— பாஸ்டர், நிப்பாட்டுங்கோ. குளிசை விழுங்கிறவன் விசுவாசமில்லாதவன் எண்டு மைக்கிலை கத்தினது ஆர்? நீங்கள். அதைக் கேட்டுத்தான் அவர் எறிஞ்சவர். இப்ப உங்கடை அக்காவுக்கு எண்டவுடனை ஒப்பரேசன், டொக்ரர், கையெழுத்து. அக்காவுக்குக் கைவைச்சுச் செபியுங்கோவன்!

— செபிச்சனான். செபிச்சுப்போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தனான்.

— நானும் அப்பிடித்தான்.

— சரி. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. பிழைதான். ஆனால் ரெஜினா, ஒண்டு கேக்கிறன். குளிசை போட்டவுடனை வாக்கு நிண்டு போச்சு. அப்ப பன்னிரண்டு வருசமா அவர் சொன்னது முழுக்க வருத்தமே?

— எனக்குத் தெரியாது.

— அக்காவுக்குச் சொன்னது?

— தெரியாது எண்டுறன். நானும் ஒவ்வொரு நாளும் அந்தக் கோப்பையைக் கழுவேக்கை யோசிக்கிறன். அவர் சொல்லிப் பலிச்சதும் இருக்குது, பலியாததும் இருக்குது. சவுலிலை நல்ல ஆவி இறங்கேக்கையும் வாக்குச் சொன்னவன். ஆண்டவர் விட்ட பொல்லாத ஆவி இறங்கேக்கையும் வீட்டுக்குள்ளை இருந்து வாக்குச் சொன்னவன். ரெண்டும் வந்தது ஒரே இடத்திலை இருந்து. பக்கத்திலை நிண்டு யாழ் வாசிச்சுக்கொண்டிருந்த தாவீதுக்கு என்னெண்டு வித்தியாசம் தெரியும்? ஈட்டி வந்து சுவரிலை குத்தினாப் பிறகுதான் தெரிஞ்சது. எனக்கும் அப்பிடித்தான். கழுத்துவரை தண்ணியிலை நிண்டாப் பிறகுதான் தெரிஞ்சது.

— ஆகாப் ராசாவின்ரை நானூறு தீர்க்கதரிசியளையும் சொல்லுவியள் போலை.

— ஏன், சொல்லக்கூடாதோ? நானூறு பேரும் ஒரே வாயாய், சண்டைக்குப் போ, வெல்லுவாய் எண்டவை. நானூறு பேரிலையும் பொய் ஆவி. அதையும் ஆண்டவர்தான் அனுப்பினவர் எண்டு ஒருத்தன் எழும்பிச் சொல்லி, கன்னத்திலை அடியும் வாங்கி மறியல்வீட்டுக்கும் போனான்.

— அந்தப் பொய்யாலை ராசா செத்தான். இஞ்சை பொய்யாலை ஒரு மனிசி பிழைக்கப்போறா. அப்ப அது ஆற்றை ஆவி, ரீச்சர்? சொல்லுங்கோ பாப்பம்.

— பாஸ்டர் நீங்கள், அதை நீங்கள்தான் சொல்லவேணும்.

— பிள்ளை, நான் உங்கடை காலிலை விழவும் ஆயத்தம். வாகீசனை வன்னிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். சண்டையாலை பாதை பூட்டமுன்னம், புதுக்குடியிருப்பிலை என்ரை கடைக்கு ஒத்தாசைக்கு. பதினேழு வயசு. சீவரத்தினம், உன்னை நம்பி விடுறன் எண்டு சொல்லித்தான் அக்கா விட்டவா. மூண்டு வருசத்தாலை, சண்டையின்ரை கடைசி நேரம் மாத்தளனிலை சனத்துக்குள்ளை அவன்ரை கை என்ரை கையிலை இருந்து நழுவிப்போச்சு எண்டு முகாமிலை இருந்து அவாவுக்குச் சொல்லி அனுப்பினன். அண்டையிலை இருந்து இண்டைவரை என்னை ஒரு சொல்லு ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லம். இப்ப அவாவும் போனால் நான் என்ன செய்வன்?

— அழாதேங்கோ பாஸ்டர். அழாதேங்கோ. இந்தாங்கோ, தண்ணி குடியுங்கோ.

— ஒண்டு செய்வம். கையெழுத்தை நாளைக்கு வைக்கிறா எண்டு நான் டொக்ரரிட்டைக் கெஞ்சிப் பாக்கிறன். ஒப்பரேசனை ரெண்டு மூண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லுறன். நீங்கள் அந்த ரெண்டு மூண்டு நாளைக்கு...

— ரெண்டு மூண்டு நாளைக்கு?

— குளிசையை நிப்பாட்டுங்கோ.

— என்ன கதை கதைக்கிறியள்?

— மூண்டே மூண்டு நாள். வாக்கு வந்தால் நான் பக்கத்திலை நிண்டு பிடிச்சுக்கொள்ளுறன், கடற்கரைப் பக்கம் போக விடமாட்டன். சும்மா நடிச்சுச் சொல்ல அக்கா நம்பமாட்டா ரெஜினா. எமிலின்ரை முகத்தை எட்டு வருசமாப் பாத்தவா. வாக்கு வந்தால் அவற்றை இடது கண்மடல் துடிக்கும் எண்டுகூட அவாவுக்குத் தெரியும்.

— வெளியிலை போங்கோ பாஸ்டர்.

— ரெஜினா...

— எழும்பிப் போங்கோ! உங்கடை அக்கா உயிருக்கு என்ரை மனிசன் என்ன பலி ஆட்டுக்கடாவே? ஆர் நீ எண்டு கேட்டார் எண்டு இப்பத்தானே சொன்னன், அதுக்குள்ளை மறந்துபோச்சே? இந்தமுறை அவர் ஆழமான பக்கம் போய் இறங்கினால் ஆர் இழுப்பினம்? நீங்களே?

— குளிசையை நிப்பாட்ட வேண்டாம்.

— இஞ்சேருங்கோ! எப்ப எழும்பினனீங்கள்?

— நீ வெளியிலை போங்கோ எண்டு கத்த ஊரே எழும்பியிருக்கும். பாஸ்டர், இருங்கோ. அந்தக் கதிரை இல்லை, அது விழுத்தும். ரெஜினா, பின்னேரத் தேத்தண்ணி போடேல்லையே? போடு. குளிசையையும் போடு. நசிக்கிற வேலை வேண்டாம், உள்ளங்கையிலை தா, விழுங்குறன்.

— உங்களுக்குத் தெரியுமே?

— பனங்கட்டி போட்டால் கயர்ப்புத் தெரியாது எண்டு ஆர் உனக்குச் சொன்னது? முதல் நாளே தெரியும்.

— தெரிஞ்சும் ஏன் குடிச்சனீங்கள்?

— நித்திரை வந்தது. அதுதான் குடிச்சனான். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு, படுத்தால் நித்திரை வந்தது ரெஜினா. நீ ஒளிச்சு ஒளிச்சு நசிக்கேக்கை பாவமாக் கிடக்கும். சொல்லுவம் எண்டு நினைப்பன். சொன்னால், சபையிலை சொல்லவேண்டி வருமே எண்டு பேசாமல் இருந்திட்டன்.

— என்ரை மாதாவே. நான் பத்து மாசம் பயந்து செத்தன்.

— எனக்கும் உன்னிலை பாவம்தான். நீ என்னிலை வைச்ச பட்சம் அந்தக் கோப்பையிலை தெரிஞ்சது. சரி, அழாதை. பாஸ்டரோடை கதைக்க விடு.

— பிரதர், நீங்கள் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தனியள்?

— ஆகாப் ராசாவிலை இருந்து கேட்டனான்.

— அப்ப நீங்களே சொல்லுங்கோ. இவ்வளவு காலமும் உங்களிலை வந்தது என்ன?

— கொஞ்சம் ஆறுதலாச் சொல்லவேணும் பாஸ்டர், எனக்கு ரெஜினா மாதிரிக் கதைக்க வராது. கடல்லை கூப்பிட்டது எதெண்டு எனக்கும் தெரியாது. ஆண்டவர் எண்டுதான் அப்ப நினைச்சன். இப்ப யோசிச்சால், அந்த நண்டு வலைக்காரரை அனுப்பினதுதான் ஆண்டவராயிருக்கும். மற்ற நாளிலை சபையிலை வந்தது, சோளகக் காத்து வள்ளத்துப் பாயிலை பிடிக்கிற மாதிரி, பின்னாலை இருந்து ஒண்டு தள்ளும். நான் பிடிக்கவும் ஏலாது, விடவும் ஏலாது. அதிலை எது ஆவி, எது வருத்தம் எண்டு பிரிக்க எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாள் மட்டும் வடிவாத் தெரியும்.

— எந்த நாள்?

— உங்கடை அக்கா முதல் வந்த நாள். நல்ல மழை. அப்ப எங்கடை செபவீடு தகரக் கொட்டில், ஒழுகும். அவா நனைஞ்சுபோய் வந்தவா. பொலித்தீன் பையிலை பெடியன்ரை படம், அதை மட்டும் நனைய விடேல்லை. எல்லாரும் என்னட்டை வந்து, சொல்லுங்கோ சொல்லுங்கோ எண்டு கேப்பினம். அவா ஒண்டும் கேக்கேல்லை. படத்தைத் துடைச்சு, எனக்கு நேரே தெரியிற மாதிரித் திருப்பிப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. நான் காத்துக்கொண்டு நிண்டன். ஒண்டும் வரேல்லை பாஸ்டர். கடல் பேசாமல் கிடக்கிற மாதிரி. ஒரு சொல்லும் வரேல்லை. அவா படத்தை இறக்கேல்லை. எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. வருவான் அக்கா எண்டன். அது நான் சொன்னது. என்ரை வாயாலை, நானாச் சொன்னது.

— இஞ்சேருங்கோ, என்ன சொல்லுறியள்? அப்ப கண்மடல் ஏன் துடிச்சது?

— அழுகை வந்தது, அடக்கினன். அதுதான் துடிச்சிருக்கும்.

— எட்டு வருசம் எனக்குக்கூடச் சொல்லேல்லை.

— எப்பிடிச் சொல்லுறது? அண்டைக்குச் சனம் எழும்பிக் கை தட்டினது, அல்லேலூயா எண்டது. பாஸ்டர் மட்டும் தட்டேல்லை. மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர். நான் அப்பவே நினைச்சன், மனிசனுக்கு விளங்கிப்போச்சு, நான் சும்மா சொன்னது எண்டு. விளங்கினதோ பாஸ்டர்?

— விளங்கினது.

— அப்ப ஏன் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?

— அண்டைக்கு அக்கா திரும்பிப் போகேக்கை என்ரை கையைப் பிடிச்சவா. எத்தினையோ வருசத்துக்குப் பிறகு. அண்டு பின்னேரம் கரவெட்டியிலை சோறு காய்ச்சிச் சாப்பிட்டவா. ரெண்டு கறியோடை. கேட்டு என்னத்தைக் காணுறது பிரதர்?

— அதுவும் சரிதான்.

— மூண்டேகால் ஆகுது. இப்ப என்ன செய்யிறது?

— ரெஜினா, அலுமாரியிலை இருக்கிற வெள்ளைச் சேட்டை எடு. நான் பாஸ்டரோடை போறன்.

— போய்? இன்னொருக்கா வருவான் எண்டு சொல்லப்போறியளோ?

— இல்லை. ஒருக்காப் பொய் சொன்னது பாவம் பாத்து. ரெண்டாம் தரமும் சொன்னால் அது தொழில். நடந்ததைச் சொல்லுவன். அக்கா, அண்டைக்கு எனக்கு ஒரு வாக்கும் வரேல்லை, உங்கடை முகத்தைப் பாத்திட்டு நானாச் சொன்னது, மன்னியுங்கோ எண்டு.

— அவா கையெழுத்து வைக்கமாட்டா பிரதர். அங்கையே சீவன் போயிடும்.

— பொறுங்கோ, முடிக்கேல்லை. அக்கா, வாகீசன் உயிரோடை இருக்கிறானோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆமிக்குத் தெரியாது, இந்த உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாதபடியால், எண்டைக்கோ அவன் வந்து படலையைத் தட்டினால் திறக்க நீங்கள் அங்கை இருக்கவேணும். அதுக்காக வையுங்கோ கையெழுத்தை எண்டு சொல்லுவன். கண்மடல் துடிச்சால் துடிக்கட்டும், துடிக்காட்டில் விடட்டும்.

— அது நல்லம். சத்தியமா அது நல்லம். அதிலை பொய் ஒண்டுமில்லை. பாஸ்டர், அவாவுக்கு அது காணும், நான் பொம்பிளை, எனக்குத் தெரியும். வைப்பா. நானும் வாறன், பக்கத்திலை இருந்து கையைப் பிடிக்கிறன். எழும்புங்கோவன், நேரம் போகுது.

— பாஸ்டர்?

— இஞ்சேருங்கோ, அவருக்கு என்னமோ செய்யுது. பாஸ்டர், என்ன, தலை சுத்துதோ?

— இல்லைப் பிள்ளை. அதையும் சொல்லேலாது.

— ஏன்? எல்லாம் உண்மைதானே?

— நீங்கள் சொன்னால் உண்மைதான். பக்கத்திலை நான் நிப்பனே.

— நிண்டால் என்ன பாஸ்டர்? எனக்கு விளங்கேல்லை.

— ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நீங்கள் என்னை வைச்சுக்கொண்டு என்னெண்டு சொல்லுவியள், பிரதர்? மாத்தளனிலை வெறுங்கையாலை மணலைக் கிண்டி அவனைத் தாட்டது நான்.